மிதிவண்டியும் ஈர்யா சமிதியும்

விடுமுறை நாட்களில் மலையடிவாரச் சாலைகளிலும் குளக்கரைகளிலும் மிதிவண்டியில் நெடும்பயணம் செய்வதை இன்றைய இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். நம் இல்லத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். இதனைக் கேட்ட பெரியோருள் சிலர், "வேலையின்றி ஊர் சுற்றுவது அனர்த்த தண்டம், சிராவகருக்கு ஆகாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். புகையில்லை, இரைச்சலில்லை, ஆதலால் மிதிவண்டியே அகிம்சை ஊர்தி என்பது இளைஞரின் மறுமொழி. இரு சாராரும் சற்றே அவசரப்படுகின்றனர் என்பது நம் கருத்து.

பெரியோர் கூற்றுக்கு நூலாதாரம் இல்லாமல் இல்லை. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி நிலத்தையும் நீரையும் தீயையும் காற்றையும் அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் பிரமாத சரியையில் சேர்த்துள்ளார். நம் அருங்கலச்செப்பு அந்நூலின் வழிவந்தது என்பதை அன்பர்கள் அறிவர். ஆனால் அவர் விலக்கியது வீண் திரிதலை. திரிதல் அனைத்தையும் அன்று. எது வீண், எது பயன் என்பதே வினா.

பயணத்தின் இடையே ஒரு ஜினாலயத்தைச் சேர்த்துவிட்டால் அது பயனுடையதாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். இது எளிய தப்பித்தல். நம் யாத்திரைப் பேருந்துகள் இரவு முழுதும் விரைந்தோடி விடியற்காலையில் தலம் சேர்கின்றன. அவ்வேளையில் முன்கண்ணாடியைத் துடைக்கும் பணியாளரைக் கேட்டால், எத்தனை பூச்சிகள் அதில் அப்பிக் கிடந்தன என்பதைக் கூறுவார். உள்ளே இருந்த நாம் சூரியன் மறைந்தபின் ஒரு கவளமும் உண்ணாமல் நோன்பு காத்தோம். உணவுக்குக் காட்டிய அந்தக் கவனத்தைச் சாலைக்கு ஏன் காட்டவில்லை?

ஈர்யா சமிதியின்படி, துறவியர் பகலில், நான்கு முழ அளவு தரையை முன்னோக்கிப் பார்த்தே அடியெடுத்து வைப்பர். நான்கு முழம் ஏறத்தாழ ஆறு அடி. மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் அதனைக் கடக்க ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். ஓர் எறும்பு வரிசையைக் கண்டு காலைத் தூக்கிக்கொள்ள அது போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும் மிதிவண்டி ஒரு விநாடியில் நான்கு மீட்டருக்கு மேல் சென்றுவிடும். நான்கு முழம் அரை விநாடிக்குள் சக்கரத்தின் கீழ் வந்துவிடும். எனவே பத்தடி, இருபதடிக்கு அப்பால் பார்த்துப் பழகவேண்டும். பார்த்தவுடன் நிறுத்தும் வேகத்தில் செல்லவும் வேண்டும். இவ்வாறு செல்லும்வரை மிதிவண்டி நடைக்கு உறவினன். மலைச்சரிவில் தடுப்பை விட்டுவிட்டு மணிக்கு 40 கிலோமீட்டரில் பறக்கும்போது அவ்வுறவு அறுந்துவிடுகிறது. கண்ணும் கையும் ஒத்துழைக்கும் எல்லைக்குள் வேகம் இருக்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இயந்திரம் இல்லை என்பது மட்டும் போதாது. (பழைய வண்டிகளில் இருக்கை தோலால் ஆனது. இப்போது வேறு பொருளில் எளிதாகக் கிடைப்பதால் அதனைக் கேட்டு வாங்குதல் நலம்.)

குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்திலிருந்து புறப்படும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஈத்தாமொழியின் தென்னந்தோப்புகளைக் கடந்து பறக்கை, சுசீந்திரம், தேரூர் என்று செல்லும் வழி குளங்களின் வழி. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் நாகர்கோவிலை அடுத்த வேம்பனூர்க் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்பதும் நினைவுகூரத்தக்கது. கரையிலும் வயல்வரப்பிலும் நத்தையும் நண்டும் ஊரும் நாடு இது. வண்டியை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டிய இடங்கள் பல.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தி அடிகள் கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழியின் இடர்களைக் கூறும் பகுதியை இங்கு எண்ணாமல் இருக்க இயலாது. களைந்தெறிந்த குவளைப் பூவில் வண்டு தங்கியிருக்கும், களைப்பில் அதனை அறியாது மிதிக்க நேரும். நீர்க்கரையில் நண்டையும் நத்தையையும் காலடி நசுக்கினால் அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்கிறார் அடிகள். இத்தனையும் அறிந்தவர் புகாரிலேயே இருந்துவிடவில்லை. மதுரையில் அறவுரை கேட்கும் விருப்பத்தோடு நடந்தார். செல்லும் வழியில் காவிரி நாட்டின் வளத்தையும் கண்டார். கண்ணால் கண்டு மகிழ்தல் வீண் என்றால் இளங்கோவடிகள் அக்காதைக்கு அப்பெயர் இட்டிருக்கமாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. மகிழ்ச்சியும் ஒரு பயனே. ஆனால் அதற்கு வரம்பு வேண்டும்.

அவ்வரம்பை நம் முன்னோர் திசைவிரதமாக வகுத்துள்ளனர். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு என எல்லோரும் அறிந்த எல்லைகளைக் கூறி, இவற்றைக் கடவேன் என உறுதி கொள்வது அது. தெற்கே கடல், வடக்கே 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை, கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே கேரள எல்லை என்று இப்பயணத்திற்கு வரம்பு குறித்தால், வரைபடமே விரதமாகிவிடுகிறது. அன்றன்று செல்லும் தொலைவைக் குறித்துக்கொள்வது தேசாவகாசிகம். மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லை மீறுதலும், குறித்த எல்லையைக் கூட்டிக்கொள்ளுதலும், மறந்துவிடுதலும் இவ்விரதத்தின் குற்றங்கள். "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே" என்னும் ஆசை மிதிவண்டிப் பயணத்தில் எவ்வளவு வலியது என்பதை ஓட்டியவர் அறிவர்.

காலமும் கருதத்தக்கது. மழைக்காலம் நான்கு திங்களும் முனிவர் ஓரிடத்தில் தங்குவது, அப்போது தரையெங்கும் உயிர்கள் பெருகுவதால். நாஞ்சில் நாட்டிலோ தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டும் பெய்கின்றன. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்று எதிர்த்தடித்து ஓட்டுபவரையும் வருத்தும். தை முதல் மாசி வரை தரை உலர்ந்திருக்கும். குளங்களில் வலசைப் பறவைகளும் இருக்கும். கும்பப்பூ அறுவடை நெல்லைச் சாலையில் காயவைத்திருப்பார்களாயின், இறங்கி ஓரமாகச் செல்வது உழவருக்கும் நெல்லைப் பொறுக்கும் சிட்டுக்கும் செய்யும் மரியாதை.

இரணியல், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகச் சிதறாலை அடைவோர் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் கற்பாதையில் நடந்தே ஏறவேண்டும். திருச்சாரணத்துமலை என்னும் அதன் பழம்பெயர் சாரணரால் வந்தது. பூவின்மேலும் நீரின்மேலும் சென்றாலும் அங்குள்ள உயிர்க்கு ஊறு நேராத ஆற்றல் பெற்றவர் சாரணர் என்பது மரபு. நம்மைப் போன்றோர்க்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே ஏறும்போது தரையைப் பார்த்து நடக்கவேண்டியிருக்கிறது. மேலே பாறையில் பார்சுவநாதரும் மகாவீரரும் புடைப்புருவங்களாக விளங்குகின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் குணந்தாங்கி குரத்தியார் இங்குப் பொன் அணிகலன் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அவ்வெழுத்துக்களின் முன் சிறிது நேரம் அமர்ந்திருந்து, வெயில் சாயுமுன் இறங்கிவிடவேண்டும்; இருட்டியபின் வண்டி ஓட்டுதல் ஆகாது.