இடுப்பில் இருக்கும் தைரியம்

அலாஸ்காவில் காட்டு ஆறுகளுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் பலர் ரிவால்வர் கட்டிக்கொண்டு போகிறார்கள். ரூகர் கம்பெனி 2005-ல் 'அலாஸ்கன்' என்றே பெயர் வைத்து ஒன்று செய்தது. குழல் இரண்டரை அங்குலம். கனம் ஒரு கிலோவுக்கு மேல். குண்டோ மிகத் தடித்தது. பழுப்புக் கரடி பாய்ந்தால் சுடுவதற்கு!

உயிர் பிழைக்கச் சுடுவது பாவமா? இல்லை என்பேன். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அகிம்சை பேசுவது எளிது.

ஆனால் அந்த நாட்டுச் சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது. தற்காப்புக்காகக் கரடியைக் கொல்லலாம். அந்த நெருக்கடியை நீயே உண்டாக்கியிருக்கக் கூடாது. சீண்டியோ, குப்பையைக் கண்டபடி போட்டோ அதை வரவழைத்திருக்கக் கூடாது. கொன்றபின் தோலையும் மண்டையோட்டையும் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உயிர் உனக்கு, தோல் உனக்கில்லை!

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் ஓர் அறிக்கை வந்தது. துப்பாக்கியை உபயோகித்தவர்களுக்கும், கையில் இருந்தும் உபயோகிக்காதவர்களுக்கும் காயம்பட்டதில் வித்தியாசம் தெரியவில்லையாம்.

விசையை இழுக்கும் கணத்தில் தர்மத்தைத் தேடிப் பயனில்லை. யோசிக்க அங்கே நேரம் ஏது? அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில்தான் தர்மம் இருக்கிறது. புதருக்குள் நுழையுமுன் கரடிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தானா? சாப்பாட்டு மூட்டையை எட்டாத உயரத்தில் கட்டினானா?

துப்பாக்கி இருக்கட்டும். அது இருக்கிறதே என்று குரல் கொடுக்காமல் போகிறவன் மட்டும் அதைத் தற்காப்பு என்று சொல்ல வேண்டாம்.