மனவலியும் நம் கடமையும்

ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்ற செய்தி நம் கடைத்தெருவை எட்டினால், அன்று மாலைக்குள் அவர்மீது தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. "கோழை" என்பார் ஒருவர். "ஈமான் குறைந்தவர்" என்பார் மற்றொருவர். "பெண்டு பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாரா?" என்று கேட்பார் மூன்றாமவர். தேநீர் ஆறுமுன் வழக்கு முடிந்துவிடுகிறது. இறந்தவர் மறுமொழி கூற வரப்போவதில்லை. ஆனால் அதே வேதனையில் உழன்றுகொண்டு, உயிரோடிருக்கும் இன்னொருவர் அடுத்த மேசையிலிருந்து நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே, நம் தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை நாம் நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

உடலின் வலியை எவரும் ஐயுறுவதில்லை. பல்வலியால் கன்னம் வீங்கி நிற்பவனிடம், "உனக்குத் தைரியம் போதாது" என்று நாம் சொல்வதுண்டா? ஆனால் மனம் வலிப்பவனுக்குக் கட்டுமில்லை, காயமுமில்லை. சுரமானியில் ஏறி இறங்கும் அளவுமில்லை. அதனால் அவன் வலியை வலியென்றே நாம் ஒப்புவதில்லை. சோம்பல் என்கிறோம், நடிப்பு என்கிறோம். நம் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் எட்வின் ஷ்னைட்மன் என்ற உளநூல் அறிஞர் இருந்தார். 1949-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில், தற்கொலை செய்துகொண்டோர் எழுதி வைத்துச் சென்ற கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடப்பதை அவர் கண்டார். அவற்றைப் படிக்கத் தொடங்கியவர், தம் வாழ்நாள் முழுவதையும் அந்த ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டார். 1958-ல் நார்மன் பார்பரோ முதலியோருடன் சேர்ந்து, அந்நகரில் தற்கொலைத் தடுப்பு நிலையம் ஒன்றையும் நிறுவினார். பல்லாண்டு ஆய்வுக்குப்பின் அவர் கண்ட முடிவு எளியது: சாவின்மேல் ஆசை கொண்டு எவரும் சாவதில்லை, பொறுக்கவியலாத மனவலி ஓய வேண்டுமென்றே அவ்வழியை நாடுகின்றனர். அவமானம், குற்றவுணர்வு, தனிமை, அச்சம், அன்பும் மதிப்பும் கிட்டாத ஏக்கம் ஆகிய இவை முற்றிப் பழுத்த வேதனையே அந்த வலி. 1993-ல் அதற்கென ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையே அவர் ஆக்கினார்.

மனச்சோர்வு என்பது ஒரு நோய். தூக்கமும் பசியும் கெடும். எதிலும் நாட்டம் இராது. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் இரவும் பகலும் அரிக்கும். தற்கொலை அபாயம் இந்நோயால் பெருகுகிறது என்பது மெய். ஆயினும் இந்நோய் உற்றவருள் பெரும்பாலோர் அம்முடிவுக்குச் செல்வதில்லை. அப்படியானால் சிலரை மட்டும் விளிம்புவரை தள்ளுவது எது? காரணங்கள் பல. அவற்றுள் நம்பிக்கையிழப்பும் மனவலியின் உக்கிரமும் முன்னிற்கின்றன. 2001-ல் கனடாவில் ரொனால்ட் ஹோல்டன் என்பவரும் அவர் துணைவரும் இவ்வலியை அளப்பதற்குப் பதின்மூன்று வாசகங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். சோர்வையும் நம்பிக்கையிழப்பையும் தனியே கணக்கிட்டுக் கழித்த பின்னரும், மனவலி மிகுந்தோரிடம் தற்கொலை எண்ணம் மிகுந்திருந்ததை இவ்வகை ஆய்வுகள் காட்டின. எனவே, "சோர்வாக இருக்கிறாரா?" என்று பார்ப்பதோடு நில்லாமல், "எவ்வளவு வலிக்கிறது?" என்றும் கேட்டாக வேண்டும்.

வலி முற்றும்போது அறிவின் பார்வை குறுகிவிடுகிறது. பத்து வழிகள் இருக்குமிடத்தில் ஒரு வழிதான் கண்ணுக்குத் தெரிகிறது. திருமணத்துக்கு முன் கருவுற்ற கல்லூரி மாணவி ஒருத்தி, சாவைத் தவிர வேறு வழியில்லை என்று ஷ்னைட்மனிடம் வந்தாள். அவர் அறிவுரை கூறவில்லை, கண்டிக்கவுமில்லை. ஒரு தாளை எடுத்து, அவள் முன்னிருக்கும் வழிகளையெல்லாம், அவள் வேண்டாமென்று தள்ளியவற்றையும் விடாமல், ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு அவற்றை வரிசைப்படுத்தச் சொன்னார். எல்லாமே அவளுக்குக் கசந்தன. ஆயினும் சாவு முதலிடத்தில் நிற்கவில்லை. அவள் தொல்லை தீர்ந்துவிடவில்லை. வலி ஒரு படி இறங்கிற்று. ஒரு படி இறங்கினாலே உயிர் தங்குகிறது என்பதே இதிலுள்ள பாடம். வாழவும் வேண்டும், சாவும் வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் அந்நேரத்தில் ஒரே நெஞ்சில் போராடுகின்றன. அப்போது வாழ்வின் பக்கம் கைகொடுக்க ஒருவர் வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "வலிதான் காரணம் என்று சொல்லிவிட்டால், மார்க்கம் விலக்கிய செயலை நியாயப்படுத்தியதாகாதா?" என்று கேட்கலாம். ஆகாது. செயலை விலக்குவது வேறு. செய்தவரின் நெஞ்சை நாமே திறந்து பார்த்ததுபோல் தீர்ப்புச் சொல்வது வேறு. முன்னது மார்க்கத்தின் கட்டளை. பின்னது நமக்கு அளிக்கப்படாத அதிகாரம். உயிர் அமானிதம் என்று நம்புகிறோமே, அந்த அமானிதத்தைக் காக்கும் பொறுப்பு, வேதனைப்படுபவர் ஒருவர் தலைமீது மட்டுந்தானா சுமத்தப்பட்டிருக்கிறது? சுற்றியிருக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

துயரம் ஈமானின் குறைவுமன்று. யூசுஃபைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போயின எனக் குர்ஆன் கூறுகிறது. கி.பி. 934-ல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ என்ற பேரறிஞர், உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துயரம், காரணம் புலப்படாத துயரம் என இருவகையை அதில் அவர் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு உடலிலும் மூலம் இருக்கலாமென்று கருதி, நல்வார்த்தையோடு உடல் சிகிச்சையும் வேண்டுமென்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நோயென்று கண்டதை, இன்று நாம் குணக்கேடு என்பது முறையா?

இனி நம் நிலையைப் பார்ப்போம். வணிகர்களாகிய நமக்கு மதிப்பே முதல். கடன் முற்றினாலும் கடை வாசலில் சிரித்து நிற்கப் பழகியிருக்கிறோம். கூட்டாளி ஏமாற்றியதை மனைவியிடமும் சொல்வதில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவந்து, கடைக்கு மேலுள்ள அறையில் படுத்துறங்கும் சிப்பந்தியோ, முதலாளியிடம் மனம் திறந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார். நட்டத்தை ஐந்தொகையில் காட்டாமல் மறைத்தால் நட்டம் குறைந்துவிடுமா? மறைத்த கடனுக்கும் வட்டி ஏறுகிறதல்லவா? மனவலியும் அத்தகையதே.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. கலகலப்பாய் இருந்தவர் ஒதுங்குகிறார், உறங்குவதில்லை, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்கிறார், தம் உடைமைகளைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார் எனில், வாளாவிருக்கலாகாது. தனியே அழைத்து, "தம்பி, மனம் மிகவும் வலிக்கிறதா? உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது வீண் அச்சம்; கேட்டால் பாரம் குறைவதே பெரும்பாலும் நடப்பது. "ஆம்" என்றால் தனியே விட்டுவிடாமல் உடனிருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஆபத்து உடனடியானதாகத் தோன்றினால், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். துஆ ஓதுவோம், மருந்தையும் நிறுத்தாமல் கொடுப்போம். "சபுர் செய்" என்ற சொல்லை, அவர் சொல்வதை முழுவதும் கேட்டு முடித்த பிறகு சொல்வோம்.

சட்டத்துக்கு அஞ்சி மறைக்க வேண்டிய காலமும் போயிற்று. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் நீங்கியது. மலேசியாவிலும் அதனை நீக்க 2023-ல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. மனம் விட்டுப் பேச, சிங்கப்பூரில் 1969 முதல் சமாரிட்டன்ஸ் அமைப்பு உண்டு. தொலைபேசி எண் 1767. கோலாலம்பூரில் 1970 முதல் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு உண்டு. எண் 03-7627 2929. இவ்விரு எண்களையும் கல்லாவின் அருகே எழுதி ஒட்டி வைப்பதால் நமக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

சட்டம் தண்டனையைக் கைவிட்டது. நாவினால் நாம் விதிக்கும் தண்டனையை எப்போது கைவிடப்போகிறோம்? ஜனாஸாவுக்குத் திரண்டு வருவதில் நம்மவர்கள் என்றும் பின்வாங்கியதில்லை. வேதனையில் இருப்பவரின் வாசலுக்கு, அவர் உயிரோடிருக்கும்போதே நம்மில் ஒருவராவது போய்ச் சேர்வோமாக!