புல்லுக்கு ஒரு பலி

இங்கிலாந்தில் வீட்டுமுன் புல்வெளி வளர்ப்பவர்களுக்கு அகழெலி ஜென்ம விரோதி. இரவோடு இரவாக மண்ணைக் கிளறிக் குவியல் குவியலாய் வெளியே தள்ளிவிடும். விடிந்ததும் வீட்டுக்காரர் பொறி தேடுவார், இல்லாவிட்டால் ஆள் தேடுவார். காசுக்கு அகழெலி பிடிப்பதே தொழிலாக உள்ளவர்கள் அங்கே உண்டு.

அந்தப் பிராணி செய்த குற்றம் என்ன? அது புல்லைத் தின்பதில்லை, வேரைக் கடித்து வயிறு வளர்ப்பதுமில்லை. அதன் முக்கிய உணவு மண்புழு. சுமார் 100 கிராம் எடையுள்ள அந்த உயிர், தன் எடையில் ஏறக்குறைய பாதியளவு இரையை நாள்தோறும் தின்றாக வேண்டும். அதற்காகத்தான் ஓயாமல் தோண்டுகிறது. விவசாயி புகார் சொன்னால் காது கொடுக்கலாம். குவியல் மண் கலந்த பதனத் தீவனத்தால் ஆடுகளுக்கு லிஸ்டீரியா நோய் வரக்கூடும். அறுவடை இயந்திரத்தின் கத்தியும் பழுதாகும். வீட்டுக்காரருக்கு அப்படி என்ன நட்டம்? பார்வைக்கு அழகு கெடுகிறது.

அந்த அழகும் இயற்கை தந்ததல்ல. பயிர் வைக்கத் தேவையில்லாத நிலம் தன்னிடம் உண்டு என்று காட்டப் பிரபுக்கள் வளர்த்த புல் அது. 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அந்தப் பகட்டு நடுத்தர வீடுகளுக்கும் மெல்ல இறங்கி வந்தது.

இதற்காக என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் 2006 வரை, அனுமதி பெற்றவர்கள் மண்புழுவில் ஸ்ட்ரிக்னைன் தடவி அகழெலி வளைக்குள் போடலாம் என்றிருந்தது. உடம்பெல்லாம் இழுத்து முறுக்க, நினைவு தப்பாமலே மூச்சுமுட்டிச் சாகடிக்கும் நஞ்சு அது. விசைப்பொறிகளுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் நான்கே ஆண்டில் வந்த ஓர் ஆணை, அகழெலிப் பொறிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. அகழெலியின் வலி மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை?

கோயிலில் கிடா வெட்டுவதை மூடத்தனம் என்று சொல்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். ஆனால் அங்கே வெட்டியவர் கறியையாவது உண்கிறார். புல்வெளியில் கொன்றவர் அதைத் தூக்கி எறிகிறார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற அச்சத்துக்காக ஓர் உயிரைப் பலி கொடுப்பது எந்த அறிவில் சேர்த்தி? சாமியிடம் கேட்கத் துணிந்த கேள்வியைப் புல்லிடம் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

கொன்றாலும் தொல்லை தீர்வதில்லை. அகழெலி தனித்து வாழும் பிராணி. ஒன்று செத்துக் காலியான வளைக்குள் அக்கம்பக்கத்திலுள்ள இன்னொன்று குடியேறிவிடும். புழு செழித்த நல்ல மண் இருக்கும்வரை அது வரத்தான் செய்யும்.

குவியல் மண் பொலபொலவென்றிருக்கும். அதை வாரிப் பூந்தொட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயே பரப்பிவிடுங்கள். பொறியை மட்டும் வாங்காதீர்கள்.