அருகில் தெரிவதும் அருகில் செல்வதும்

தொலைவில் உள்ளதைக் கிட்டக் காண வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு இன்று நேற்று உண்டானதன்று. மரத்தின்மேல் ஏறிப் பார்த்தான். குன்றின்மேல் ஏறிப் பார்த்தான். பின்னர்க் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்தான். இன்றோ, தாராவியின் சந்தொன்றில் நிற்கும் பத்து வயதுச் சிறுவனும் கைப்பேசியின் முகத்தில் இரண்டு விரல்களை விரித்து, எதிர்மாடியில் காயும் துணியின் தையலைக்கூடக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துவிடுகிறான். இதனை ஜூம் என்கிறோம். படத்தில் எது தெளிவாக நிற்க வேண்டும், எது மங்க வேண்டும் என்று அமைப்பதை ஃபோகஸ் என்கிறோம். இவை கருவியின் திருகுகள்தாமே, இவற்றுக்கும் சீலத்துக்கும் என்ன தொடர்பு என்று செம்பூரில் ஓர் இளைஞர் நம்மிடம் வினவினார். வினா நல்ல வினா. சொல்லால் மட்டுமா ஒருவருக்குத் தீங்கிழைக்க முடியும்? பார்வையாலும் இழைக்க முடியும் அன்றோ?

முதலில் கருவியின் இயல்பை அறிந்துகொள்வோம். டிஜிட்டல் காமிராவில் ஜூம் இருவகைப்படும். முதல் வகையில், குழலுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லைகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. பார்வையின் அகலம் குறுகுகிறது. குறுகிய அப்பகுதியின் ஒளி உணரி முழுவதையும் நிறைக்கிறது. ஆகவே தொலைவிலுள்ள பொருள் உண்மையாகவே பெரிதாகப் பதிகிறது. இரண்டாம் வகையில் கண்ணாடி எதுவும் அசைவதில்லை. எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது கருவி. 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை இம்முறையில் நான்கு மடங்கு பெருக்கினால், உண்மையில் பதிந்தவற்றுள் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு, அதாவது 7 லட்சத்து 50 ஆயிரம் புள்ளிகளே. மற்றவை இடைவெளியை நிரப்பக் கணக்குப் போட்டு இட்டவை. இரண்டாம் வகையை அடியோடு நிறுத்திவைக்கும் வசதி பல காமிராக்களில் உண்டு. அதனைத் தேடி நிறுத்திவிடுவது நன்று.

முதல் வகை உண்மையானது என்றோம். அதிலும் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு 2 மீட்டர் அருகில் நின்று படம் எடுக்கிறோம் என்று கொள்வோம். அவருக்கு 2 மீட்டர் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். பின்னவர் நம்மிடமிருந்து 4 மீட்டரில் இருப்பதால் முன்னவரில் பாதி அளவே தெரிவார். இருவருக்கும் இடையே வெளி உண்டு என்பது பார்த்தவுடன் விளங்கும். இனி 20 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கிப் பத்து மடங்கு ஜூம் வைத்து அவ்விருவரையே எடுப்போம். முன்னவரின் முகம் முன்போலவே பெரிதாகத் தெரியும். ஆனால் இப்போது ஒருவர் 20 மீட்டரில், மற்றவர் 22 மீட்டரில். பின்னவர் முன்னவரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தெரிவார். ஒருவர் தோளில் ஒருவர் ஒட்டி நிற்பதாகவே தோன்றும். நின்றவர்கள் அசையவில்லை. நாம் எங்கே நின்றோம் என்பதே படத்தை மாற்றியது. ஜூம் உருவத்தைத்தான் அருகில் கொண்டுவருகிறது; நம்மை அங்கே கொண்டுபோய் விடுவதில்லை. நாம் விட்டுவைத்த தூரம் படத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

இது வெறும் கணக்கன்று என்பதற்குச் சான்று உண்டு. கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டில், மக்கள் தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதாகக் காட்டும் படங்கள் பல நாடுகளின் பத்திரிகைகளில் வந்தன. டென்மார்க்கில் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ரிட்சௌ ஸ்கேன்பிக்ஸ் என்னும் செய்திப்பட நிறுவனத்தார் கோப்பன்ஹேகன் நகரில் ஒரே இடத்து மக்களை இருவகை லென்சுகளால் எடுத்து வெளியிட்டார்கள். தொலைவு லென்சில் பெருங்கூட்டம். அகன்ற லென்சில் அதே மக்கள் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். முதற்படத்தை மட்டும் பார்த்தவர் அம்மக்களைப் பொறுப்பற்றவர் என்று ஏசியிருப்பார். ஏச்சுக்கு ஆளானவர்கள் செய்த பிழை யாது?

இனி நம் தாராவிக்கு வருவோம். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த நிலம். இருபுறமும் இரயில் பாதை. மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா-குர்லாவின் கண்ணாடிக் கட்டடங்கள். உயர்ந்த மாடியொன்றில் நின்று நீண்ட லென்சை நீட்டினால், கூரையின்மேல் கூரை அடுக்கியதுபோலவும், அவற்றின் முதுகிலேயே அக்கட்டடங்கள் முளைத்ததுபோலவும் படம் விழும். உலகெங்கும் தாராவி என்றால் இத்தகைய படமே மக்கள் மனத்தில் நிற்கிறது. அதனைப் பார்த்தவர்க்குத் தோன்றுவது யாது? இங்கே கூரைதான் உண்டு, குப்பைதான் உண்டு, இதனை வாரிக் கொட்டிவிட்டால் ஊர் அழகுபெறும் என்பதே. விடியுமுன் எழுந்து மாவை ஊற்றி, மும்பை முழுவதும் சைக்கிளில் விற்பதற்கு இட்லி அவிக்கும் நம் திருநெல்வேலிக் குடும்பங்களை அந்தப் படத்தில் காண முடியாது. கும்பார்வாடாவின் சூளைகளும் தோல் பைகள் தைக்கும் கைகளும் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறம் பார்த்துப் பிரிக்கும் பெண்களும் அதில் அகப்படுவதில்லை. 2024 மார்ச்சில் சீரமைப்புத் திட்டத்துக்காகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது ஆளில்லா வானூர்திகளும் லேசர்க் கருவிகளும் பயன்பட்டன. அவை தகரத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்லும். தகரத்தின் கீழே மாடியறையில் குடியிருப்பவர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதற்குக் கதவைத் தட்டியே கேட்க வேண்டியிருந்தது.

2005ஆம் ஆண்டில் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ் அண்ட் டிராவல் என்னும் நிறுவனம் வெளிநாட்டாரைத் தாராவிக்குள் நடத்திச் சென்று காட்டிவருகிறது. காசு பெற்றுக்கொண்டு ஏழையின் தெருவைக் காட்டுவது முறையோ என்பது வேறு வழக்கு. அதனை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் வைத்த விதியொன்று சிந்திக்கத்தக்கது. உடன் நடந்து வருவோர் படம் எடுக்கலாகாது என்பது அவ்விதி. சந்துக்குள் நடந்து வந்தவன் கேட்டுக்கொண்டாவது எடுப்பான் என்று வைத்துக்கொள்ளலாம். அவனுக்கு விதி உண்டு. பாலத்தின்மேல் நின்று நீண்ட லென்சால் எடுப்பவனுக்கோ எவ்விதியும் இல்லை! குழாயடியில் தலை குளிக்கும் பெண், அருகில் வந்தவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், சீறி விரட்டலாம். கால் மைல் தொலைவில் நிற்பவனை என்ன செய்வாள்? தான் பார்க்கப்படுவதே அவளுக்குத் தெரியாது. அருகில் செல்லும்போது பார்வை இருவழிப்படும். நீ அவளைக் காண்பதுபோல அவளும் உன்னைக் காண்கிறாள். ஜூம் அதனை ஒருவழிப் பாதையாக ஆக்கிவிடுகிறது. அது பறித்துக்கொள்வது அவளுடைய மறுக்கும் உரிமையை. கேளாமல் எடுத்துக்கொள்வது எச்சீலத்தின்பாற்படும் என்பதை இவ்விதழ் படிப்போர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் எப்போதும் கிட்டவே செல்ல வேண்டும் என்பதா? அன்று. சிவ்ரியின் சேற்றுவெளியில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் அவற்றுக்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல படம் வேண்டும் என்று சேற்றில் இறங்கி நடந்தால் பறவைகள் இரைதேடுவதை விட்டு எழுந்து பறக்கும். நெடுந்தூரம் பறந்து வந்தவற்றின் வலு வீணாகும். பறவைக்கு வாயில்லை, பறந்துபோவதே அதன் மறுப்பு. அங்கே கரையில் நின்று நீண்ட லென்சைப் பயன்படுத்துகிறவனே கருணையுடையவன். இழவு வீட்டிலும் அவ்வாறே. அழுகிற தாயின் முகத்துக்குக் கீழே கைப்பேசியை நீட்டுவதைவிட, குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் வாயிலோரம் நின்று எடுத்துக் கொடுப்பது மேல். ஆகவே தூரத்தில் குற்றமும் இல்லை, குணமும் இல்லை. அந்தத் தூரத்தை யார் விரும்பினார் என்பதே கேள்வி. எண்ணத்தையே வினை என்று பகவன் வகுத்தார் அல்லவா? விரல் திருகுவதற்கு முன்னே எண்ணம் திருகிவிடுகிறது.

தொலைவு ஒருபுறம் இருக்க, பொய்யும் இதில் நுழைந்துவிட்டது. வைசாக பௌர்ணமியன்று நிலவைப் பலர் கைப்பேசியில் பிடிக்கிறார்கள். சில கைப்பேசிகளில் நிலவின் குழிகள்கூடத் தெளிவாக விழுவதைக் கண்டு வியக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் வைத்து, இருட்டறையில் தொலைவில் நின்று சாம்சங் கைப்பேசியால் எடுத்தார். மூலத்திலேயே இல்லாத குழிகளும் கோடுகளும் படத்தில் வந்தன! நிலவு என்று அறிந்துகொண்டதும் கருவி தான் கற்றுவைத்ததைக் கொண்டு நுணுக்கங்களைத் தெளிவாக்குகிறது என்று அந்நிறுவனமே விளக்கிற்று. நிலவுக்கு இதனால் இழப்பில்லை. மனிதனாயின்? அமெரிக்காவில் கெனோஷா நகரில் 2021 நவம்பரில் நடந்த கொலை வழக்கொன்றில், காட்சியை விரலால் பெரிதாக்கிக் காட்ட அரசுத் தரப்பார் முயன்றபோது, அவ்வாறு பெருக்கும்போது கருவி இல்லாத புள்ளிகளைச் சேர்க்கும் என்று எதிர்த்தரப்பு தடை எழுப்பிற்று. சேர்க்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையதே என்றார் நீதிபதி. நம் தெருவில் சண்டை நடந்தால் எவரோ எடுத்த மங்கலான காட்சியைப் பெருக்கிப் பார்த்து, ‘இவன்தான் கல் எறிந்தவன்’ என்று துணிந்து சொல்வோர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. பெருக்கிப் பார்த்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொல்லுதல் மெய்யுரை ஆகாது.

ஃபோகஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே முழுத் தெளிவாகக் காட்ட வல்லது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை சிறிது சிறிதாக மங்கும். பொத்தானைப் பாதி அழுத்தினால் காமிரா ஒரு தூரத்தைப் பிடித்துக்கொள்கிறது. திரையில் ஒரு கட்டம் தோன்றும். கட்டம் எவர் முகத்தில் விழுந்ததோ அவர் தெளிவர். முகங்களைத் தானே தேடும் காமிராவுக்கும், எதிரில் பெரிதாக, நன்கு வெளிச்சத்தில் இருக்கும் முகமே எளிதில் அகப்படும். நம் விழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். மாலையணிந்த தலைவரும் பேச்சாளரும் நூலிழை பிசகாமல் தெரிவார்கள். பின்னே சோற்றுக் குண்டானைத் தூக்கி வரும் பெண்கள் புகைபோல் இருப்பார்கள். இப்போது கைப்பேசியில், பின்னுள்ளோரைக் கணக்குப் போட்டே மங்கவைக்கும் முறையும் வந்துவிட்டது. அழகாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும், யாரை மங்கவைத்தோம் என்று ஒருமுறையேனும் பார்க்க வேண்டாமா?

பலரையும் தெளிவாக எடுக்க வழியில்லாமல் இல்லை. லென்சின் துளையைச் சிறிதாக்கினால் தெளிவின் ஆழம் கூடும். காமிராவில் 2.8 என்று இருப்பதை 8 என்று மாற்ற வேண்டும். எண் பெரிதானால் துளை சிறிது என்று அறிக. சற்றுப் பின்னே நகர்ந்து நின்றாலும் ஆழம் கூடும். ஆனால் துளை சிறுத்தால் ஒளி குறையும். அதற்கு ஈடாகக் காமிரா நெடுநேரம் கண் திறந்திருக்க வேண்டும். கை நடுங்காமல் நிற்க வேண்டும். ஒருவரைக் காட்டுவது எளிது, பலரைக் காட்டுவதற்குப் பொறுமை வேண்டியிருக்கிறது.

நாம் ஆலையில் இருந்த நாளில், துணியை ஆய்பவரிடம் ஒரு சிறு மடக்குக் கண்ணாடி இருக்கும். அதனைத் துணியின்மேல் வைத்துக் குனிந்து, ஓர் அங்குலத்துக்குள் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுவார். இழை ஒவ்வொன்றும் கயிறுபோல் தெரியும். ஆனால் ஊடை நெருக்கமாகவும் தளர்வாகவும் விழுந்து துணியில் பட்டை பாய்ந்திருந்தால், அதனை அக்கண்ணாடியால் காண முடியாது. எழுந்து நின்று, வெளிச்சத்தில் துணியை ஓடவிட்டு, எட்டி நின்று பார்க்க வேண்டும். தேர்ந்தவர் ஒருவர் ஒரே துணிக்கு நாலைந்து முறை குனிந்து நிமிர்வதைக் கண்டிருக்கிறோம். கழுத்து வலிக்கிறது என்று அவர் ஒருநாளும் நிமிராமல் இருந்ததில்லை.

வரும் அக்டோபர் 14 விழாவில் படம் எடுக்க முன்வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இவ்வளவே. மேடைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்துகொண்டு ஜூம் திருகாதீர்கள், எழுந்து நடங்கள். அடுப்படிக்கும் போங்கள், செருப்புக் காப்பவரிடமும் போங்கள். பெயரைக் கேளுங்கள், எடுக்கலாமா என்று கேளுங்கள், பிறகு அவர் முகத்தில் கட்டத்தை வையுங்கள். எடுத்ததும் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.