சிறு சுகங்களும் சேஷத்வமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

விடியற்காலையில் ஆவி பறக்கும் காப்பி, நெடுநாள் பழகிய சாய்வு நாற்காலி, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேஷ்டி, உணவுக்குப் பின் இரண்டு வெற்றிலை. இவை போன்ற சிறு சுகங்கள் ஏதுமில்லாத மனிதர் அரியர். பெரிய ஆசைகள் வயதோடு ஓய்ந்துவிடுகின்றன; இவையோ வயது ஏற ஏற இறுகுகின்றன. எம்பெருமான் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றிய ப்ரபந்நனுக்கு இவற்றின்மேல் பற்று தகுமா? தகாதெனில் இவற்றை அறவே விட்டொழிக்க வேண்டுமா? பாகவதர் பலரின் உள்ளத்தை உறுத்தும் இக்கேள்வியை, பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் நின்று சற்றே ஆராய்வோம்.

திருவாய்மொழியின் 6ஆம் பத்து, 7ஆம் திருவாய்மொழி திருக்கோளூர் எம்பெருமான் விஷயமானது. மகள் தன்னைப் பிரிந்து திருக்கோளூர்க்குச் சென்றமை கண்ட திருத்தாயாரின் பேச்சாக அது அமைந்துள்ளது. அதன் முதற்பாசுரத்தில் சோறு, நீர், வெற்றிலை ஆகிய மூன்றும் தன் மகளுக்குக் கண்ணனே என்கிறாள் தாய். உயிரைத் தாங்குவது தாரகம், அதனை வளர்ப்பது போஷகம், இன்பம் தருவது போக்யம் என்று இம்மூன்றையும் பகுத்துக் காட்டுவர் வ்யாக்யாதாக்கள். சோறும் நீரும் இன்றி உடல் நில்லாது. வெற்றிலை இன்றியும் நிற்கும். அது வெறும் சுகமே. ஆயினும் ஆழ்வார் அதனைத் தள்ளவில்லை. தேவைக்கு மேற்பட்ட அச்சிறு சுகத்தின் இடத்திலும் கண்ணனே நிற்கிறான் என்றால்தான் மகளின் காதல் முழுமையாகச் சொல்லப்பட்டதாகும் என்பது அவர் திருவுள்ளம் போலும். வெற்றிலையின் சுவையை ஒருபோதும் அறியாதவனுக்கு அப்பாசுரத்தின் மூன்றில் ஒரு பங்கு விளங்காது.

3ஆம் பாசுரத்தில் தாயின் கண் மகளின் விளையாட்டுப் பொருள்களின்மேல் செல்கிறது. பூவை, கிளி, பந்து, சிறுசோறு சமைக்கும் சிறு பானை, பூக்கூடை. ஒரு சிறுமியின் உலகம் அவ்வளவே. அவற்றால் பெறும் மகிழ்ச்சி முழுவதையும் இவள் திருமாலின் திருநாமங்களைச் சொல்லியே பெற்றாள் என்கிறாள் தாய். சிறு பொருள்களின்மேல் வைக்கும் அன்பு இகழத்தக்கதாயின், பகவத் காமத்தை அளக்க ஆழ்வார் அதனை அளவுகோலாகக் கொண்டிருப்பாரோ?

எனில், இவற்றால் தீங்கே இல்லை என்று அமைந்துவிடலாமோ? அதுவும் ஆகாது. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் இரண்டாம் அம்சத்தில் வரும் பரத மகாராஜனின் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. அரசைத் துறந்து சாலக்ராமத்தில் தவம் செய்தவன் அவன். ஆற்றில் விழுந்த மான்குட்டி ஒன்றைக் கருணையால் காத்தான். காத்தது குற்றமன்று, அது இன்னும் வரவில்லையே, எதற்கு இரையாயிற்றோ என்று நாள்தோறும் தவிக்கத் தொடங்கியபோது தவம் நழுவியது. இறுதியில் மானையே நினைந்து உயிர் விட்டு மானாகவே பிறந்தான். ராஜ்யத்தை உதறிய கையால் ஒரு மான்குட்டியை உதற இயலவில்லை. பற்றின் வலிமை, பற்றப்படும் பொருளின் பெருமையைப் பொறுத்ததன்று.

வங்கியில் பணியாற்றியோர் இதனை வேறு வகையில் அறிவர். காசாளர் நாள் முழுதும் இலட்சக்கணக்கில் எண்ணிக் கொடுப்பார். மாலையில் கணக்கு நேரானால் அப்பணத்தைப் பற்றிய நினைவே இன்றி வீடு செல்வார். அவரது சட்டைப்பையில் இருக்கும் பேனாவை எவரேனும் வாங்கித் திருப்பித் தரவில்லையெனில் இரண்டு நாள் மனம் அமைதி கொள்ளாது. இலட்சங்கள் பிறருடையவை, பேனா தம்முடையது. வருத்தம் விலையை நோக்கி வருவதில்லை. ‘எனது’ என்னும் சொல்லை நோக்கியே வருகிறது.

எம்பெருமானார் இதனைத் தம் சிஷ்யர்களுக்கு ஒரே இரவில் உணர்த்தியருளினார் என்று குருபரம்பரை கூறும். திருவரங்கத்தில் உலர்த்தியிருந்த சிஷ்யர்களின் வஸ்திரங்களில் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் அத்துண்டுத் துணிக்காகப் பெரும் பூசல் எழுந்தது. பின்னர், பிள்ளை உறங்காவில்லி தாசரின் தேவியாரான பொன்னாச்சியார் துயிலும்போது அவரது ஆபரணங்களைக் களவாடிவரச் சிலரைப் பணித்தார். அவர்கள் ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றுகையில் விழித்துக்கொண்ட அம்மையார், மறு பக்கத்து நகைகளும் அவர்களுக்கு உதவட்டும் என்று திரும்பிப் படுத்தார். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். துணிக்காகப் பூசலிட்டவர்கள் இதனைக் கேட்டு நாணினர். வரலாறு இதனோடு முடிவதில்லை. தாசர் தம் தேவியாரைப் பாராட்டாமல் கடிந்துகொண்டார். எல்லாம் எம்பெருமானுடையவை என்றிருந்தால் அசையாது கிடந்திருக்கலாமே. ‘என் பொருளை நான் கொடுக்கிறேன்’ என்னும் எண்ணமன்றோ திரும்பச் செய்தது என்பது அவர் கருத்து. ‘எனது’ என்று பிடித்துவைப்பது மட்டுமன்று, ‘எனது’ என்று துறப்பதும் மமகாரமே என்பது இங்கே தேறும் பொருள். ஆகவே, காப்பியை விட்டுவிட்டதாகப் பத்துப் பேரிடம் சொல்லி மகிழ்பவர் காப்பியினும் கொடியதொன்றைப் பருகத் தொடங்கிவிட்டார்.

பின் என்செய்வது? ஆண்டாள் வழி காட்டுகிறாள். திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தில் ஆய்ச்சியர் நெய்யும் பாலும் மையும் மலரும் விடுகின்றனர். 27ஆம் பாசுரத்தில் நகைகளையும் ஆடையையும் நெய் மிதக்கும் பாற்சோற்றையும் வேண்டுகின்றனர். விட்டவற்றையே மீண்டும் கேட்பது முரணன்று. நெய் தீயது என்று அவர்கள் விடவில்லை. ஆயர் குலத்துக்கு அதுவே வாழ்வன்றோ? அவனைப் பெறாத வேளையில் வேண்டாதிருந்தவை, அவனோடு கூடியிருக்கும் வேளையில் வேண்டியவை ஆயின. மாறியது பொருளன்று, உடனிருப்பவன் யார் என்பதே.

திருப்பல்லாண்டின் 9ஆம் பாசுரம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. எம்பெருமான் உடுத்துக் களைந்த ஆடையை உடுத்து, அவன் அமுது செய்து மிகுந்ததை உண்டு, அவன் சூடிக் களைந்த துழாயைச் சூடுவதாகத் தொண்டர் கூறுகின்றனர். ஆடை, உணவு, மாலை எல்லாம் அங்கே உண்டு, எதுவும் துறக்கப்படவில்லை. ஆனால் அனைத்தும் இரண்டாவதாக வருகின்றன. சேஷம் என்ற சொல்லுக்கு மிச்சம் என்றும் பொருள். பிறனுக்கே உரியது என்றும் பொருள். அவனுக்கு மிச்சமானதைக் கொள்ளக் கொள்ள, அவனுக்கே உரியவனாகிறான் ஜீவன்.

இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. நம் நாவின் விருப்பப்படி தளிகை செய்து, அவசரமாக ஒரு முறை திரையிட்டு, கண்டருளப் பண்ணியாயிற்று என்று அமர்வது நம் பசிக்கு அவன் முத்திரையை வாங்குவதேயாகும். காப்பி போன்ற சில பொருள்கள் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும் வழக்கமும் இல்லை. அவற்றுக்கு வரிசையே மருந்து: திருவாராதனமும் தீர்த்தமும் முன்னே, நம் சுகம் பின்னே. காலையில் மருந்துண்ண வேண்டிய முதியோர் வயிறு காய வேண்டும் என்பதில்லை. கைங்கர்யத்துக்கு உரிய உடலைப் பேணுவதும் கடமையே. எந்தச் சுகமாயினும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இது ஒரு நாள் கிடைக்காவிடில் நம் முகமும் நம் சொல்லும் வீட்டாரிடம் எவ்வாறு இருக்கின்றன? காப்பி தாமதமானதற்காக ஒரு பாகவதையின் மனம் நோகப் பேசினால், அக்காப்பி மான்குட்டியாகிவிட்டது என்று அறியலாம்.

இவ்வாராய்ச்சி வெறும் வாதத்துக்காக அன்று. முதுமையில் இச்சுகங்கள் ஒவ்வொன்றாக நம்மைக் கேளாமலே விடைபெறும். பல் போனபின் பாக்கு இல்லை. மருத்துவர் சொன்னபின் சர்க்கரை இல்லை. ‘எனது’ என்று இருந்தவனுக்கு ஒவ்வொன்றும் ஓர் இழப்பு. சேஷமாகக் கொண்டவனுக்குப் பொருள் குறையலாம், கொடுத்தவன் குறைவதில்லை. கூடாரவல்லியன்று நெய்யொழுகும் அக்காரவடிசிலில் ஒரு பருக்கையை மட்டுமே உள்ளங்கையில் ஏற்று, கண்ணில் ஒற்றி, வாயிலிட்டு நிறைவுறும் முதியோரை நம் திருமாளிகைகளில் காண்கிறோம். ஒரு கிண்ணம் உண்டவர் பெற்றதில் அவருக்கு ஒன்றும் குறையவில்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.