புரோகிதர் போனார், படக்காரர் வந்தார்!

மந்திரம் ஓதுவோர் மணமேடையை விட்டு இறங்கினார், மகிழ்ந்தோம். அம்மி இல்லை, அருந்ததி இல்லை, ஓமப் புகை இல்லை. ஆனால் தோழர்களே, அவர் எழுந்து சென்ற இடத்தில் இன்று யார் நிற்கிறார் என்று பார்த்தீர்களா? தோளிலே கருவி, வாயிலே கட்டளை! "இப்படித் திரும்புங்கள், தலையைக் குனியுங்கள், மாலையை மறுபடி போடுங்கள்" என்கிறார் படப்பிடிப்பாளர். பொருள் விளங்காத மொழியில் சொன்னவருக்குப் பணிவது பேதைமை என்று பேசிய நாம், பொருள் விளங்கும் மொழியில் இவர் இடும் கட்டளைக்கு, ஏன் என்று ஒரு சொல் கேளாமல் பணிகிறோம்.

படமே கூடாது என்று கூற வந்தோமில்லை. நிழற்படத்தின் அருமையைச் சுயமரியாதைக்காரரைவிட அறிந்தவர் யார்? 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த மணம் தொட்டு, ஆயிரமாயிரம் இணையர் புரோகிதரின்றி வாழ்க்கையில் இணைந்தனர். 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கற்ற அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. மனம் ஒத்து வாழ்ந்தோரைச் சட்டம் மணமானவராகக் காணவில்லை. அவர்தம் மக்களின் நிலையோ கேள்விக்குறி! 1967-ல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த மணங்களுக்கும் சேர்த்தே செல்லுபடி தந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தல், மாலையோ மோதிரமோ அணிவித்தல், தாலி கட்டுதல். இவற்றுள் ஒன்று போதும். மாலையும் கழுத்துமாய் இருவர், பக்கத்தில் ஒலிபெருக்கி முன்னே தலைவர். அந்தக் கருப்பு வெள்ளைப் படம் பல வீட்டுச் சுவர்களில் தொங்குவது அழகுக்காக மட்டுமா? ஊரும் உறவும் மறுத்தபோது, நடந்ததற்கு அது சான்று.

நடந்தது படமாகட்டும். படத்திற்காக நடப்பதே நம் கேள்விக்குரியது.

உறுதிமொழியையே எடுத்துக்கொள்வோம். மணமகள் சொல்கிறாள்; குரல் தழுதழுக்கிறது, ஒரு சொல் தடுக்குகிறது. "சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்கிறார் படக்காரர். சொல்கிறாள், இம்முறை தங்குதடையின்றி. ஆல்பத்தில் ஏறுவது இரண்டாவது. அதிலென்ன கேடு என்பர் சிலர். கேடு இதுதான்: வாழ்க்கையை ஒப்படைத்த சொல் காற்றோடு போயிற்று, வாழ்நாளெல்லாம் அவ்விருவரும் நினைவென்று எடுத்துப் பார்க்கப்போவது ஒரு நடிப்பை. கோணலாய் விழுந்தாலும் முதற்படமே மெய்ப்படம்.

கருவிக்குச் சாதியுமில்லை, நிறமுமில்லை என்று நம்புவோர் உண்டு. வண்ணப்படங்களுக்கு நிறம் சரிபார்க்க, 1950களில், கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் இருந்தது வெள்ளையினப் பெண்ணொருத்தியின் முகம். ஷெர்லி அட்டை என்பது அதன் பெயர். அவள் தோல் சரியாகத் தெரிந்தால் படம் சரி! கருநிறத்தார் முகங்கள் இருளிலே கரைந்தன. இன்றைய கருவியிலே அக்குறை பெரிதும் குறைந்துவிட்டது; கருப்பைக் கருப்பாகவே காட்ட வல்லது. நாமோ அதன் பின்னும் கணிப்பொறி முன் அமர்ந்து, மணமகளின் முகத்தைச் சுண்ணாம்பு பூசிய சுவராக்குகிறோம். கருப்பே நம் நிறம் என்று மேடையில் முழங்கும் தோழன், தன் துணைவியின் முகத்தை வெளுக்கக் காசு கொடுக்கிறான்! நின்றவள் ஒருத்தி, படத்தில் இருப்பவள் வேறொருத்தி. அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது அவள் நெஞ்சில் என்ன ஓடும்?

எல்லாவற்றினும் சுடுவது குழுப்படம். "பெண் வீட்டார் வாருங்கள்" என்றதும் சிற்றப்பன் வருகிறார், மாமன் வருகிறார், முகமறியா உறவெல்லாம் முண்டியடித்து வருகிறது. கணவனை இழந்த தாய் மட்டும் தூண் ஓரத்தில். தையல் பொறியை இரவெல்லாம் மிதித்து மகளைப் படிக்க வைத்தவர் அவர். யாரும் விரட்டவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. "அவராகத்தான் ஒதுங்கினார்" என்று சமாதானம் வேறு! ஒதுங்கு, ஒதுங்கு என்றே ஊர் கற்பித்த ஒருவர், ஒரு நாள் காலையில் தாமாக முன்வந்து நிற்பாரா? சடங்கை ஒழித்த பந்தலில் அமங்கலம் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. ஆனால் படத்திலே அது இருக்கிறது, ஓர் ஆள் நிற்கும் அளவு வெற்றிடமாக.

மணநாளன்று எதையும் எண்ண நேரமிராது. ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே இணையர் இருவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு அமர்தல் வேண்டும். யார் யாரோடு நிற்பது? முதற்பெயராக அந்தத் தாயின் பெயரை எழுதுக. உறுதிமொழி ஒரே முறைதான். முகம் வெளுத்தல் கூடாது. நாற்காலியில் அவனும் காலடியில் அவளுமாய் ஒரு படம் வேண்டாம். நெருங்கி நில்லுங்கள், அணைத்து நில்லுங்கள் என்றால் இருவருள் ஒருவர் தயங்கினும் அப்படம் இல்லை. இணையத்தில் இடுவதும் இருவர் இசைவோடுதான். செலவு பாதிப் பாதி. அதைப் பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏற்றினால், 1961-ல் சட்டம் தடுத்த வரதட்சணை ஆல்பமாய் உருமாறி வீட்டுக்குள் நுழையும். மாமல்லபுரக் கடற்கரையில் மணத்துக்கு முன்னரே படமெடுக்கக் கடன் வாங்குவதைப் பற்றி என்ன சொல்ல! அலை அங்கேயே இருக்கும். வட்டி இருக்கும் இடத்தில் இராது.

இவற்றைப் படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் மறுப்பதில்லை. அவரும் உழைப்பாளி, பந்தியில் கடைசியாய் உண்பவர். அடுப்படியில் வேகிறவர்களையும் மேளக்காரரையும் இரண்டு படம் எடுக்கச் சொன்னால் மகிழ்ந்தே எடுப்பார்.

நேரத்தைப் பற்றியும் அவரையே கேட்கலாம். உச்சிவெயிலில் கண்ணுக்கடியில் நிழல் கரியாய் விழும். சாயும் வெயிலோ முகத்தில் மென்மையாய்ப் படியும். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை இராகு காலம் என்கிறது பஞ்சாங்கம். வெட்டவெளியில் படமெடுக்க அன்று அதைவிட நல்ல ஒளி கிடையாது. பஞ்சாங்கத்தார் அஞ்சி ஒதுங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை நம் இணையர் எடுத்துக்கொள்ளட்டும். மண்டப முற்றத்தில் நெரிசலும் இராது.