மாலையில் மிஞ்சும் மனம்

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவனாகவும், பின்னர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாகவும், கடைசியில் வங்கிக் குமாஸ்தாவாகவும் ஜீவனம் நடத்திய என்னிடம், மூன்றில் எது சிரேஷ்டமானது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கூட்டிக் கழித்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பகலெல்லாம் உழைத்தவனை ஓர் உத்தியோகம் மாலையில் எத்தகைய மனத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறது என்பதையே நான் பார்க்கிறேன்.

அச்சுக் கோப்பில் கூலி சொற்பம். 1978இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, றா, னா முதலியவற்றுக்கெல்லாம் பழைய வடிவில் தனித்தனி அச்சுகள் இருந்தன. ஈயம் கலந்து வார்த்த அவ்வெழுத்துகளைக் கேஸின் சிற்றறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடவலம் மாறித் தலைகீழாகத் தெரியும் வரிகளை வாசித்தபடியே ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் அடுக்கி, பக்கம் அச்சேறியதும் அத்தனையையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். நின்று நின்று கால் கடுக்கும். விரலில் ஏறிய ஈயக் கறை போகக் கழுவாமல் சோற்றில் கை வைக்கலாகாது. ஆயினும் பிறர் எழுதிய வாக்கியத்தை எழுத்தெழுத்தாகத் தொட்டுக் கட்டியவனுக்கு, எந்தச் சொல் பாரம் தாங்குகிறது, எது வீணே இடத்தை அடைக்கிறது என்னும் விவேகம் தானே வாய்க்கிறது. உடல் ஓய்ந்தும் உள்ளம் நிறைந்தும் வீடு திரும்பிய காலம் அது.

ஆசிரியத் தொழிலோ மணி அடித்தாலும் முடிவதில்லை. திருத்த வேண்டிய நோட்டுகளும், கடைசி பெஞ்சுப் பையன் ஏன் வரவில்லை என்ற விசாரமும் இரவிலும் உடனிருக்கும். ஆனால் நீண்ட விடுமுறை என்னும் மகத்தான செல்வம் அதற்கு உண்டு. 1880இல் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் கும்பகோணம் காலேஜில் அமர்ந்த உ.வே. சாமிநாதையர், ஓய்வு நாட்களில் ஊரூராக ஏடு தேடி அலைந்து, சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், மணிமேகலையை 1898இலும் வெளியிட்டது அந்தப் பதவியில் இருந்துகொண்டேதான். பாரதியாரோ 1904இல் மதுரைச் சேதுபதி பள்ளியில் சில மாதங்களே ஆசிரியராக இருந்துவிட்டுச் சுதேசமித்திரன் பத்திரிகைக்குப் போய்விட்டார். ஒருவருக்கு நிழலாக இருந்த தொழில் மற்றொருவரைப் பிடித்து நிறுத்தவில்லை.

வங்கியில், அரையாண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகள் நீங்கலாக, பேரேடு சரியாக நின்றதும் கவலை நின்றுவிடும். மனம் செலவாகாமல் மிஞ்சியது மெய். மிஞ்சியதைக் கொண்டு ஏதேனும் செய்யும் உற்சாகம் வருஷத்துக்கு வருஷம் குறைந்ததும் மெய். எனினும் என் தாயின் வைத்தியத்தையும் தங்கையின் விவாகத்தையும் நடத்திக் கொடுத்த அச்சம்பளத்தை நான் இகழேன். குடும்ப பாரம் உள்ள இளைஞனை வங்கிக்கே போகச் சொல்கிறேன். அப்பாரம் இல்லாதவன் சில வருஷமேனும் பள்ளிக்கூடத்தில் இருந்து பார்க்கட்டும். நான் விரும்பிய அச்சுக்கோப்பை அவனுக்குச் சொல்ல வழியில்லை, அந்த வேலையே இன்று இல்லை.